மரத்துக்கு முதுகு காட்டி

குறிப்பின் முதல் வரியே மரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னது. மூலவருக்கு முதுகு காட்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவனுக்கு அது சட்டென்று ஒப்பவில்லை. கனெடிகட் மாநிலத்திலேயே பெரிய மரம் அது. அதைக் காட்டத்தான் அக்கா ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காரில் கூட்டிவந்திருந்தாள். அண்ணாந்து பார்க்க ஆரம்பித்த நான் பாதி உயரம்கூடப் போயிருக்கமாட்டேன், அக்கா மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, திரும்பி நில்லுங்க. மரத்த அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் போகாது."

அவளுக்குப் பதினோரு வயது. கழுத்தில் திசைகாட்டி தொங்கியது. கையில் மடித்து மடித்து மடிப்போரம் கிழியத் தொடங்கியிருந்த ஒரு காகிதம். தோள்பையில் கோடு போடாத நோட்டு ஒன்று, ஸ்டாம்ப் பேட் ஒன்று, அழிரப்பரில் அவளே செதுக்கிய முத்திரை ஒன்று. லெட்டர்பாக்ஸிங் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

அன்றிரவு ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் லெட்டர்பாக்ஸ் தேடிப் போனோம் என்று சொல்லிவிட்டேன். தென்காசியிலிருந்து பதில் உடனே வந்தது. "ஏலே, அமெரிக்காவுல தபால்பெட்டியக்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்கணுமா?" அந்தப் பெட்டி இல்லை, இது வேறு பெட்டி என்று விளக்கப் போய் ஐந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் அம்மாவே அதற்கு ஒரு பெயர் வைத்தாள்: "அப்போ கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்னு சொல்லு." மண்ணை நீளக் குவித்து, அதற்குள் குச்சியை ஒளித்து, எங்கே இருக்கிறது என்று இரண்டு கையையும் கோத்துப் பொத்தச் சொல்வோமே, அந்த விளையாட்டு. அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஒரே வித்தியாசம், இங்கே குச்சியை ஒளித்தவர் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கமாட்டார். எப்போதோ ஒளித்துவிட்டுப் போய்விட்டவர் அவர்.

ஒருவர் பூங்காவிலோ காட்டிலோ மூடி இறுக்கமான ஒரு சின்ன டப்பாவை மறைத்து வைக்கிறார். உள்ளே கையால் செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு சிறிய நோட்டும். அங்கே போகும் வழியைக் கொஞ்சம் விடுகதையாகவும் கொஞ்சம் கணக்காகவும் எழுதி வெளியிடுகிறார். தேடிப் போகிறவர் பெட்டியைக் கண்டுபிடித்தால், அதிலுள்ள முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார். தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதித்துத் தேதி போடுவார். பெட்டியை எடுத்த இடத்திலேயே மறைத்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். பரிசு கிடையாது. யாரும் சொந்தப் பெயரை எழுதுவதில்லை, ஆளுக்கொரு புனைபெயர். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தொடங்கிய ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. டெவன் பகுதியின் டார்ட்மூர் மேட்டுநிலம். கோனன் டாயில் தன் பாஸ்கர்வில் வேட்டைநாயை உலவவிட்ட அதே சதுப்பு நிலம். சாக்ஃபோர்ட் என்ற ஊரில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், 1854ல் கிரான்மியர் குளம் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தார். குளம் என்று பெயர்தானே தவிர அங்கே தண்ணீர் தேங்கியிருக்காது. பாதையும் இல்லாத காலம். அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து வந்தவர்கள், வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வந்தவர்கள் தங்களுக்கே முகவரி எழுதிய தபால் அட்டையைப் போட்டார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய் ஊரில் தபாலில் சேர்க்க வேண்டும். ஆக, அம்மா நினைத்தது அடியோடு தப்பில்லை, அது நிஜமாகவே தபால்பெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. போட்ட அட்டை எப்போது வீடு வந்து சேரும் என்பது, தனக்குப் பிறகு அந்தச் சேற்றில் யார் எப்போது நடப்பார் என்பதைப் பொறுத்தது. நாளைக்கும் வரலாம், மாதக் கணக்கும் ஆகலாம்.

அந்த அட்டைகளைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நமக்கு நாமே எழுதிய கடிதம், முன்பின் தெரியாத ஒருவர் கைபட்டுத்தான் நம்மிடம் வர முடியும் என்ற ஏற்பாடு. அதில் யாரும் ஏமாற்றினார்களா, சேர்க்காமல் விட்டார்களா தெரியாது. ஆனால் வழக்கம் செத்துவிடவில்லை. நூறு வருடத்துக்கு மேல் டார்ட்மூரோடு நின்றது. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் பெட்டிகள் இருக்கின்றன. 1998 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் இதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட, அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. ஒரு பத்திரிகைக் கட்டுரை ஒரு நாட்டுக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது என்றால், அதே தொழிலில் இருப்பவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து, 2000 மே மாதம், செயற்கைக்கோள் வழிகாட்டியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும் ஜியோகேச்சிங் வந்தது. அதில் எண்களைப் போனில் போட்டால் அம்புக்குறி கூட்டிப் போய்விடும். ஆள் அதிகம் சேர்ந்தது அங்கேதான். லெட்டர்பாக்ஸிங் போகிறவர்கள் இன்னும் காகிதத்தையும் திசைகாட்டியையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரத்துக்கு வருகிறேன். ஊர் சிம்ஸ்பரி. பக்கத்தில் ஃபார்மிங்டன் ஆறு, பாலம், தெற்கும் வடக்குமாக நீண்டு கிடக்கும் டால்காட் மலை, அதன் உச்சியில் 1914ல் கட்டிய ஹூப்ளின் கோபுரம். மரம் நிற்பது பூங்கா என்று சொல்லக் கூச வைக்கிற சின்ன இடம். நாலு கார் நிற்கலாம். மரமே இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. சுற்றளவு 25 அடிக்கு மேல், உயரம் ஏறக்குறைய 100 அடி. கிளைகள் உயரத்தைவிட அகலத்துக்கு ஆசைப்பட்டுப் பக்கவாட்டில் ஓடியிருக்கின்றன. அதில் ஒரு கிளையை வெட்டி நட்டால் நம் ஊரில் தனி மரம் என்று சொல்லிவிடுவார்கள்.

சிக்கமோர் இனம். இந்தப் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. இயேசுவைப் பார்க்கக் குள்ளமான சகேயு ஏறிய மரத்துக்கும் ஆங்கில பைபிளில் இதே பெயர்தான். ஆனால் அது அத்தி வகை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் காட்டத்தி என்று சரியாகப் போட்டுவிட்டார்கள். அமெரிக்கச் சிக்கமோருக்கும் அத்திக்கும் எந்த உறவும் கிடையாது. இலை ஆமணக்கு இலையை ஞாபகப்படுத்தும், ஆனால் அதைவிடச் சிறிது. காய் ஒவ்வொன்றும் காம்பில் தொங்கும் சின்ன உருண்டை. ஆனால் என்னை நிறுத்தியது பட்டை. கீழ்ப்பகுதி கரடுமுரடாகச் சாம்பல் நிறம். மேலே போகப் போகச் செதில் செதிலாக உரிந்து, உள்ளே பழுப்பும் பச்சையும் தேய்த்த வெள்ளை. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனசு அலைந்தது. தாமிரபரணிக் கரை. மருதம். அதே மாதிரி உரியும், அதே மாதிரி உள்ளே வெளிறியிருக்கும், அதே மாதிரி ஆற்றை விட்டு நகராது. வெள்ளம் வந்து போகிற நிலத்தில் வேரோட இரண்டுக்கும் பிடிக்கும். 1955 ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு புயல் வந்து ஃபார்மிங்டன் ஆறு கரை மீறி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மரம் நின்றிருக்கிறது.

வயது என்ன என்று கேட்டால் 200 என்கிறவர்கள் உண்டு, 300க்கு மேல் என்கிறவர்கள் உண்டு. இந்த இனத்தில் வயதேறிய மரம் உள்ளே கூடாகிவிடும். எண்ணிப் பார்க்க வளையம் மிஞ்சாது. தன் பழைய கணக்கைத் தானே தின்றுவிட்ட மரம்.

பெயர் மட்டும் சமீபத்தில் வந்தது. 1965ல் இதற்கு கிஃபர்ட் பின்ஷோவின் பெயரைச் சூட்டினார்கள். அவர் இதே சிம்ஸ்பரியில், தாய்வழித் தாத்தாவின் வீட்டில், 1865ல் பிறந்தவர், அது நூற்றாண்டு. அமெரிக்க வனத்துறைக்கு முதல் தலைவர். 1905ல் அவர் பொறுப்பேற்றபோது ஏறத்தாழ 5.6 கோடி ஏக்கராக இருந்த தேசியக் காடுகள், 1910ல் ஜனாதிபதி டாஃப்ட் அவரை வேலையிலிருந்து நீக்கியபோது 17 கோடி ஏக்கரைத் தாண்டியிருந்தன. இத்தனைக்கும் மரம் வெட்டி விற்றுப் பணம் சேர்த்த குடும்பம். அதற்குப் பரிகாரமாகப் பிள்ளையை வனவியல் படிக்க அனுப்பினார் அப்பா என்று சொல்வார்கள். அமெரிக்காவில் அப்போது அந்தப் படிப்பே இல்லை. பிரான்சின் நான்சி நகருக்குப் போகச் சொல்லி அவருக்கு வழி காட்டியவர், பான் நகரில் ஓய்வில் இருந்த ஒரு ஜெர்மானியர்: டீட்ரிக் பிராண்டிஸ்.

மரத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்ற எனக்கு இந்த இடத்தில்தான் தரை கொஞ்சம் ஆடியது. பிராண்டிஸ் எங்களுக்குத் தெரிந்த பெயர். 1864ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனவர். 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்து, காடு காடாகப் பார்த்து, ஆலோசனை எழுதிக் கொடுத்தவர். அந்த நேரத்தில் பிறந்ததுதான் 1882ஆம் வருடத்துச் சென்னை வனச் சட்டம். அது இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 என்ற பெயரில் நடப்பில் இருக்கிறது. காப்புக்காடு என்று நாம் படிக்கும் ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் அந்தச் சட்டம் நிற்கிறது. எங்கள் ஆச்சி மலையடிவாரத்தில் விறகு பொறுக்கப் போய், காவல்காரரின் விசில் கேட்டதும் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். விட்டுவிட்டு வந்த அரிவாளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு இருக்காது. அந்தச் சட்டம் காட்டை மிச்சம் வைத்தது உண்மை; காட்டை நம்பியிருந்தவர்களை வெளியே நிறுத்தியதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பிராண்டிஸைப் பற்றி ஒரு தகவல், இந்தப் பெட்டித் தேடலோடு சேர்த்துப் பார்த்தால்தான் சுவை. பர்மாவில் தேக்கு மரங்களைக் கணக்கெடுக்க அவர் யானைமேல் போவார். அந்தப் புதரில் நோட்டு வைத்து எழுத வழியில்லை. அதனால் இடக்கையில் நாலு குச்சி, வலக்கையில் பேனாக்கத்தி. ஒவ்வொரு குச்சியும் ஒரு பருமன். கண்ணில் படும் தேக்கு எந்தப் பருமனோ அந்தக் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து வெட்டுகளை எண்ணிக் கணக்காக மாற்றிக்கொள்வார். மரத்தைப் பார்த்ததற்கு மரத்திலேயே அடையாளம். என் அக்கா மகள் அழிரப்பரும் கத்தியுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குச்சிகள்தான் ஞாபகம் வந்தன.

கனெடிகட்டில் மாநில வனத்துறையே தன் காடுகளில் இப்படிப் பெட்டி வைத்து, போகும் வழியையும் அச்சிட்டுக் கொடுக்கிறது. ஐந்து கண்டுபிடித்தால் சட்டையில் தைத்துக்கொள்ளத் துணிச் சின்னம் தருவார்கள். உள்ளே வராதே என்று பலகை வைக்கும் துறையை மட்டுமே பார்த்து வளர்ந்தவன், உள்ளே வந்து தேடு என்று சொல்லும் துறையைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும். இரண்டுக்கும் மூலம் அதே பான் நகரத்துக் கிழவர்.

முத்திரை செதுக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். புனைபெயராக அவள் 'அணில்' என்று வைத்துக்கொண்டாள். தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். வீட்டில் தமிழ் பேச அழுகிற பிள்ளை, முகம் தெரியாதவர்களிடம் மட்டும் தமிழில் கையெழுத்துப் போட ஆசைப்பட்டது. வெள்ளை அழிரப்பரில் பேனாவால் நேராக எழுதி, பிளேடால் சுற்றிலும் கீறி எடுத்தாள். ஒரு மணி நேர வேலை. பதித்துப் பார்த்தால் 'ல்' முதலில் வந்து, எல்லா எழுத்தும் வலமிருந்து இடமாகத் திரும்பி நின்றன. அகரத்தின் சுழி தப்பான பக்கம் பார்த்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணாடில அணில்" என்றாள்.

இரண்டாவது முறை அக்கா சொல்லிக் கொடுத்தாள். வெண்ணெய்த்தாளில் பென்சிலால் அழுத்தி எழுது. அந்தத் தாளை எழுத்து கீழே வரும்படி ரப்பர்மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய். பென்சில் கரி திரும்பி ஒட்டிக்கொள்ளும். இனி வெட்டு. ஒற்றெழுத்தின் புள்ளிதான் சிரமம். சுற்றியுள்ள ரப்பரை எடுக்கும்போது புள்ளியும் சேர்ந்து வந்துவிடுகிறது. அது போனால் 'அணில', மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ரப்பரில் புள்ளி தங்கியது. நகத்தின் வெள்ளை அளவு இருக்கும். அதைக் காப்பாற்றியதில் அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்தபோது, அச்சுக் கோத்துத் தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

கனெடிகட்காரர்களுக்கு மரத்தில் காகிதத்தை ஒளிப்பது புதிதில்லை. அந்த மாநிலத்தின் ஆதிக்கதையே அதுதான். 1662ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அந்தக் குடியேற்றத்துக்குக் கொஞ்சம் தாராளமான உரிமைப் பட்டயம் கொடுத்தார். 1687 அக்டோபரில் அதைப் பிடுங்கிக்கொண்டு போக எட்மண்ட் ஆண்ட்ரோஸ் என்ற ஆளுநர் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தார். கூட்டத்தின் நடுவே மெழுகுவர்த்திகள் அணைந்தனவாம். மறுபடி ஏற்றியபோது மேசையில் பட்டயம் இல்லையாம். ஜோசப் வாட்ஸ்வொர்த் என்பவர் அதைக் கொண்டுபோய் ஒரு பெரிய ஓக் மரத்தின் பொந்தில் ஒளித்துவைத்தார் என்பது கதை. எந்த அளவு நடந்தது, எந்த அளவு பிறகு சேர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மரம் நிஜம். 1856 ஆகஸ்டில் புயலில் விழுந்தது. விழுந்த மரத்தில் நாற்காலி செய்தார்கள், கைத்தடி செய்தார்கள், இன்னும் என்னென்னவோ செய்தார்கள். ஹார்ட்ஃபோர்டில் வாழ்ந்த மார்க் ட்வெய்ன், அந்த மரத்தில் செய்ததாகச் சொல்லும் சாமான்களையெல்லாம் சேர்த்தால் அங்கிருந்து சால்ட் லேக் நகரம் வரைக்கும் பலகைச் சாலையே போடலாம் என்கிற தினுசில் கிண்டல் பண்ணியிருக்கிறார். 1999ல் கனெடிகட்டுக்காக அடித்த கால் டாலர் நாணயத்தில் இருப்பதும் அதே மரம். அக்கா மகளின் உண்டியலில் அதில் மூன்று இருக்கிறது.

நமக்கும் ஒரு மரம் உண்டு. அஞ்ஞாதவாசத்துக்குப் போகும்முன் பாண்டவர்கள் ஆயுதங்களைக் கட்டி வைத்த வன்னி. யாரும் கிட்டே வராமலிருக்க அது பிணம் என்று சொல்லி வைத்தார்கள். கனெடிகட்டின் பட்டயமும் அர்ச்சுனனின் வில்லும் எதிரி கண்ணில் படாமலிருக்க ஒளித்தவை. டார்ட்மூர்க்காரர்கள் செய்தது இதில் ஒரு விசித்திரமான திருத்தம். யார் என்று தெரியாத ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒளிப்பது. ஆனால் வழியோடு போகிறவர் கண்ணில் படக் கூடாது. மெனக்கெடுகிறவருக்குக் கிடைக்க வேண்டும், மற்றவருக்கு இருப்பதே தெரியக் கூடாது. யோசித்தால், நல்ல கவிதை எழுதுகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் நாள் எங்களுக்குப் பெட்டி கிடைக்கவில்லை. திசைகாட்டி சொன்ன பக்கம் திரும்பி, குறிப்பில் சொன்ன எட்டுகளை எண்ணி நடந்தோம். எத்தனை எட்டு, எந்தத் திசை என்பதை நான் எழுதப் போவதில்லை. தேடுகிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். என் காலால் எண்ணினால் வெறும் புல்தரையில் போய் நின்றேன். அவள் காலால் எண்ணினால் அதற்கும் வெகு முன்னாலேயே நின்றாள். மண்டியிட்டுத் தடவினோம், சருகை விலக்கினோம். பெட்டி வைத்தவர் எவ்வளவு உயரம் என்று குறிப்பில் இல்லை. எட்டு என்றால் யாருடைய எட்டு?

இதற்குள் கார் ஒன்று வந்து நின்றது. வயதான தம்பதி இறங்கி மரத்தைச் சுற்றி வந்தார்கள். இருவரும் கைகோத்துப் பட்டையை அணைத்துப் பார்த்தார்கள். பாதிகூட எட்டவில்லை. என்னைப் படம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தேன். பிறகு அந்த அம்மாள், ஏதாவது தொலைத்துவிட்டீர்களா, நாங்களும் தேடவா என்று கேட்டார். பிறர் பார்க்கும்போது தேடக் கூடாது என்பது இதில் கண்டிப்பான வழக்கம். நான் திணறினேன். அக்கா மகள் அசரவில்லை. "என் மாமா மரத்திலிருந்து விழும் உருண்டைகளைச் சேகரிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் மிகுந்த அக்கறையோடு எனக்கு எட்டு சிக்கமோர் உருண்டைகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவை இன்னும் என் மேசையில் இருக்கின்றன. ஒன்று உதிர்ந்து பஞ்சாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இருவரின் காலையும் கணுக்காலிலிருந்து உண்ணி பார்த்தாள். லைம் நோய்க்கு அந்தப் பெயரைக் கொடுத்த லைம் என்ற ஊர் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. உண்ணி இல்லை. நமைச்சல் தரும் விஷக்கொடியைத் தொட்டிருந்தது மட்டும் மறுநாள் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை நான் ஒரு யோசனை சொன்னேன். குறிப்பில் மரத்திலிருந்து இன்னொரு அடையாளத்துக்கும் எட்டுக் கணக்கு இருக்கிறது. அந்த அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தூரத்தை அளந்தால் அவருடைய ஓர் எட்டு எவ்வளவு என்று கிடைத்துவிடும். அளந்தோம். என் எட்டைவிட ஒரு சாண் நீளம். பெரிய கால்காரர். அவரைப் போல நடக்க நான் கொஞ்சம் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவர் ஆணா பெண்ணா, வயது என்ன, வேலை என்ன, எதுவும் தெரியாது. நடை நீளம் தெரியும். சொந்தக்காரர்களில்கூட எனக்கு யாருடைய நடை நீளமும் தெரியாது.

நடுவில் மூன்று முறையாவது மரத்தடிக்குத் திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணினோம். ஒவ்வொரு முறையும் முதுகை ஒட்டவைத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திசை பிசகிவிடும். பட்டையின் மேடு எந்த உயரத்தில் தோளில் குத்தும், வேர் எந்த இடத்தில் காலை இடறும், காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தால் மேலே உருண்டைகள் எப்படி மோதிக்கொள்ளும் என்பதெல்லாம் அதில் தெரிந்துபோயிற்று. அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தபோது எனக்கு அதன் அளவு மட்டும்தான் தெரிந்திருந்தது. பலகையில் இருக்கும் பெயரை அக்கா மகள் அதுவரை வாசிக்கக்கூட இல்லை. அவளுக்கு அது புறப்படுகிற இடம், அவ்வளவுதான். மரத்துக்கும் பின்ஷோவின் பெயர் இல்லாமல் ஒரு நூறு வருடமாவது கழிந்திருக்கும். பெயரை யாருக்கு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். 1944 கோடையில், கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்க்க, இதே சிம்ஸ்பரியின் புகையிலைத் தோட்டத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். மார்ட்டின் லூதர் கிங். தெற்கில் கிடைக்காத ஒரு சுதந்திரத்தை இங்கே கண்டதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினான். 1965ல் ஊர்க்காரர்கள் மரத்துக்குப் பெயர் தேடியபோது அந்தப் பையன் நோபல் பரிசும் வாங்கி முடித்திருந்தான். பின்ஷோவுக்கு வைத்ததில் குற்றமில்லை. வனக்காரர் பெயர் மரத்துக்குப் பொருத்தம்தான். சும்மா சொன்னேன்.

பெட்டியைக் காட்டிக்கொடுத்தது ஒரு கல். பெரிய மரத்திலிருந்து தள்ளி, யாரும் பெயர் வைக்காத ஒரு சாதாரண மரத்தின் அடியில் கிடந்தது. சுற்றியிருந்த கற்களுக்கெல்லாம் மேல்பக்கம் பாசி. இதற்கு மட்டும் மேலே மொட்டையாக, மண் ஒட்டியிருந்தது. கடைசியாக எடுத்தவர் கவிழ்த்து வைத்துவிட்டார். அவள்தான் பார்த்தாள். கத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் கிள்ளினாள்.

சாப்பாட்டு டப்பா அளவு. மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நோட்டு, துணியில் சுற்றிய முத்திரை. முத்திரையில் இருந்தது ஓர் இலை, நரம்புகளோடு. நோட்டின் முதல் சில பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன; பையில் ஓர் ஓரம் கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊதி ஊதிப் பிரித்தோம். ஆமை, தேநீர்க் கெண்டி, சைக்கிள், ஆந்தை. ஒவ்வொன்றின் கீழும் தேதி. ஒரு பக்கத்தில் மழை என்று மட்டும் எழுதியிருந்தது. எழுத்துப் பழகாத ஒரு குழந்தை தன் முத்திரையைத் தலைகீழாகப் பதித்து, அதைச் சுற்றிக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் மறுபடி நேராகப் பதித்திருந்தது. மை பரவி, சில ஆட்கள் வெறும் நீலக் கறையாகிவிட்டார்கள்.

அவள் ஒரு புதுப் பக்கத்தில் அணிலை அழுத்தினாள். கையை எடுக்காமல் பத்து வரை எண்ணினாள். புள்ளி விழுந்திருந்தது. நான் மரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்கு முத்திரை இல்லாததால் கட்டைவிரலை மையில் தொட்டுக் கீழே ஒற்றினேன். பத்திரப் பதிவுக்கு வந்தவன் மாதிரி இருப்பதாக அக்கா பிறகு சொன்னாள்.

எங்களிடம் அன்று மாற்றுப் பை இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் கிழியாத ஜிப் பை ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள், சின்னது போதும். பெரிய மரத்தின் வேரடியில் எதையும் தோண்ட வேண்டாம், பெட்டி அங்கே இல்லை. கல்லைத் திருப்பி வைக்கும்போது பாசிப் பக்கம் மேலே இருக்கட்டும்.